ஸ்னோமொபைலும் மதுவும்: “என் உயிர், என் பொறுப்பு” என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும்?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கனடாவில் வாழும் நண்பர்கள் சிலர் குளிர்கால வார இறுதி ஒன்றில் ஸ்னோமொபைல்களை, அதாவது பனியின் மேல் ஓடும் மோட்டார் வண்டிகளை, வாடகைக்கு எடுத்து, ஒன்ராறியோவின் காட்டுத் தடங்களில் ஓட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். நடுவே ஓர் உணவகத்தில் இறங்கி ஆளுக்கு இரண்டு பீர் குடிக்கலாம் என்பது அவர்களில் ஒருவரின் யோசனை. “இது நெடுஞ்சாலை இல்லை, எதிரே யாரும் வரப்போவதில்லை, விழுந்தாலும் பனியில்தான் விழப்போகிறோம், என் உயிருக்கு நானே பொறுப்பு” என்று அவர் வாதிடுகிறார். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு எதிரான சட்டம் காட்டுக்குள்ளும் செல்லுமா, இரண்டு பீர் உண்மையிலேயே ஆபத்தா, அந்த நண்பரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அதில் விவாதத்துக்கு இடமில்லை. கனடாவின் குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை ஸ்னோமொபைலும் மோட்டார் வாகனம்தான். அது ஓடிய இடம் நெடுஞ்சாலையா, காட்டுத் தடமா, உறைந்த ஏரியா, சொந்தத் தோட்டமா என்று அச்சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. வண்டியை இயக்கிய 2 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் முறைக்கே குறைந்தது 1,000 டாலர் அபராதமும் ஓராண்டுக்குக் குறையாத வாகனத் தடையும் உண்டு. இரண்டாம் முறை குறைந்தது 30 நாள் சிறை, மூன்றாம் முறை 120 நாள். ஓர் உயிர் போனால் தண்டனை ஆயுள் சிறை வரை செல்லலாம். 80-ஐத் தொடாமல் 50-க்கு மேல் இருந்தாலும் ஒன்ராறியோவில் முதல் முறைக்கே உரிமம் சில நாள் இடைநிறுத்தப்படும், அதுவும் நீங்கள் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் அதே உரிமம். “நான் ஓட்டவில்லை, சும்மா ஏறி உட்கார்ந்திருந்தேன்” என்று சொல்வதும் எளிதில் எடுபடாது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் வண்டியை இயக்குபவர் என்றே சட்டம் முதலில் கருதும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய சுமை அவருடையது.

இதனுடன், நம்மவர்களில் பலர் அறியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல் கனடாவில் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதன் விளைவாகக் குடிவரவுச் சட்டம் இதைக் கடுமையான குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. குடியுரிமை பெறாமல் நிரந்தர வதிவிட உரிமையோடு மட்டும் இருப்பவர், சிறைக்கே போகாவிட்டாலும், நாட்டில் தங்கும் தகுதியை இழக்கும் நிலை உருவாகலாம். ஒரு பிற்பகல் விளையாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விலை என்பதை உங்கள் நண்பர் கணக்கிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற பனி நாடுகளும் தளர்வாக இல்லை. நோர்வேயிலும் சுவீடனிலும் வரம்பு ஆயிரத்துக்கு 0.2, அதாவது மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் மட்டுமே, அங்கே பலருக்கு ஒரு பீரே அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2018 ஆகஸ்ட் 1 முதல், குடித்துவிட்டு ஸ்னோமொபைல் ஓட்டிச் சிக்கினால் கார் ஓட்டும் உரிமமும் சேர்ந்து பறிபோகிறது. உறைந்த ஏரியின் மேல் குடும்பத்தோடு மீன் பிடிக்கச் சென்றிருந்த ஒரு சிறுவன், போதையில் ஓட்டப்பட்ட ஸ்னோமொபைல் மோதி இறந்த பின் அங்கே கொண்டுவரப்பட்ட மாற்றம் அது.

இனி அந்த இரண்டு பீர். கனடாவில் ஓர் அளவு பானம் என்பது 341 மில்லிலிட்டர் கொண்ட, 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர்; அதில் சுமார் 13.5 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு மணி நேரத்தில் இவற்றில் இரண்டைக் குடித்தால் அவருடைய இரத்தத்தில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் வரை ஏறும். அதே இரண்டையும் 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் குடித்தால் அளவு 70-ஐத் தாண்டி, குற்றவியல் வரம்பின் வாசலில் நிற்கும். ஆனால் உணவகங்களில் இன்று பரிமாறப்படுவது பெரும்பாலும் இந்தச் சிறிய போத்தல் அல்ல. 473 மில்லிலிட்டர் கேனில் 7 சதவீத பீர் இருந்தால் அந்த ஒரு கேனே ஏறக்குறைய இரண்டு பானங்களுக்குச் சமம்; “இரண்டு பீர்” என்று எண்ணிக்கொண்டு குடித்தவர் உண்மையில் நான்கு குடித்திருப்பார். கேன்களை எண்ணுவது கணக்காகாது.

வரம்புக்குள் இருந்தால் போதும் என்பதும் பிழையான ஆறுதல். 50 மில்லிகிராம் அளவிலேயே, நகரும் பொருளைக் கண் தொடர்ந்து பின்பற்றும் திறனும் ஒரே நேரத்தில் பல வேலைகளில் கவனம் செலுத்தும் திறனும் குறையத் தொடங்கிவிடுகின்றன. ஸ்னோமொபைல் ஓட்டுவது முழுக்க முழுக்க இந்த இரண்டு திறன்களின் மேல்தான் நிற்கிறது. காரில் இருக்கை உங்களைத் தாங்கிக்கொள்கிறது. இங்கே வளைவுக்கு வளைவு உடலைச் சாய்த்து, காலை ஊன்றி, 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொறியை உங்கள் எடையாலும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. முன்னால் இருக்கும் இரு சறுக்குத் தகடுகளுக்குத் தளர்ந்த பனியில் ஒரு பிடி, இறுகிய தடத்தில் வேறொரு பிடி, வெறும் ஏரிப் பனிக்கட்டியில் அநேகமாகப் பிடியே இல்லை.

வலது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சிறிய நெம்புகோலையும் பாருங்கள். வேகத்தைக் கூட்டுவது அதுதான். பெருவிரலால் அழுத்த வேண்டும். திடீரென ஒரு மேட்டில் வண்டி தூக்கிப்போடும்போது மனிதக் கை இயல்பாகச் செய்வது கைப்பிடியை இறுகப் பற்றுவது. இறுகப் பற்றும்போது பெருவிரலும் சேர்ந்து அழுந்துகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டிய அதே நொடியில் வண்டி முன்னே பாய்கிறது. நிதானமாக இருப்பவர் அரை நொடியில் விரலைத் தளர்த்திவிடுவார். தடித்த கையுறைக்குள் விறைத்த விரலும், மதுவால் மந்தமான மூளையும் சேர்ந்தால் அந்த அரை நொடி நீண்டுவிடும். சுற்றிலும் கதவில்லை, இருக்கைப் பட்டியில்லை, காற்றுப் பையில்லை. பனி மெத்தை போன்றது என்ற நினைப்பும் தடத்தை விட்டு விலகும்வரைதான். அதற்கப்பால் இருப்பவை மரங்கள், பாறைகள், பாதி புதைந்த முள்கம்பி வேலிகள்.

இரவில் நிலைமை இன்னும் கடுமையாகும். சாதாரண முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டும் தூரம் சுமார் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் தடங்களில் அனுமதிக்கப்பட்ட 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் செல்கிறது. எதையோ கண்டு, அது என்னவென்று புரிந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆனால் 21 மீட்டர் போய்விட்டது. மீதி 39 மீட்டருக்குள் பனியில் நிறுத்துவது முடிகிற காரியம். மது அந்த எதிர்வினையை இன்னும் ஒரு நொடி தாமதப்படுத்தினால் மிஞ்சுவது 25 மீட்டர். வேகம் 80 ஆக இருந்தால் கதையே வேறு: நிதானமாக இருப்பவருக்கே 33 மீட்டர் எதிர்வினையில் கழிந்துவிடுகிறது, மிச்சமுள்ள தூரத்தில் எந்த ஓட்டுநராலும் பனியில் வண்டியை நிறுத்த இயலாது. அந்த 50 என்ற எண் ஏதோ அலுவலகத்தில் சும்மா எழுதப்பட்டதல்ல என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். மதுவும் வேகமும் தனித்தனியே வருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நிதானத்தில் 50-ல் போகிறவரை 90-க்குத் தூண்டுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேன்தான்.

அடுத்தது குளிர். இதை நான் சற்று விரிவாகச் சொல்லக் காரணம், மது உடம்பைச் சூடாக்கும் என்ற நம்பிக்கை இன்னும் சட்டைப்பையில் சிறு புட்டியாகப் பயணம் செய்துகொண்டிருப்பதுதான். மது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளிருந்த வெதுவெதுப்பான இரத்தம் மேற்பரப்புக்கு வருவதால் முகமும் கையும் சூடாவதுபோல் தோன்றும். உண்மையில் அந்தச் சூடு உடலின் மையத்திலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. நடுங்கி நடுங்கி வெப்பம் உண்டாக்கும் உடலின் தற்காப்பையும் மது மட்டுப்படுத்துகிறது. வெளியே வெப்பநிலை கழித்தல் 20 பாகையாக இருக்கும்போது, காற்றே வீசாவிட்டாலும், 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி தானே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. திறந்திருக்கும் தோலுக்கு அது கழித்தல் 35 பாகைக் குளிர். குடித்தவருக்கு அந்தக் குளிர் உறைப்பதில்லை. உறைக்காததே ஆபத்து.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் குறையும்போது தோன்றும் முதல் அறிகுறிகள் நாக்குழறல், தள்ளாட்டம், மந்தம், எரிச்சல். போதையின் அறிகுறிகளும் ஏறக்குறைய இவையே. “கொஞ்சம் ஏறிவிட்டது அவருக்கு” என்று நண்பர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் உறைந்துகொண்டிருக்கலாம். போதாக்குறைக்கு, ஓடும் நேரம் முழுவதும் எல்லோருடைய முகமும் தலைக்கவசத்துக்குள் இருக்கிறது. இயந்திர இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. காருக்குள் அருகில் அமர்ந்திருப்பவருக்குத் தெரியும் தடுமாற்றம் இங்கே யாருக்கும் தெரிவதில்லை.

ஏரியின் மேல் போவதாக இருந்தால் இவை அனைத்தும் ஒன்றுசேரும். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் தடிமனுள்ள உறுதியான பனிக்கட்டி வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. ஆற்று வாய், குறுகிய நீரிணை, ஊற்று, பாலத்தின் அடி ஆகிய இடங்களில் ஒரே ஏரியின் தடிமன் சில மீட்டர்களுக்குள் மாறிவிடும். குடிக்காதவர் அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு போவார். குடித்தவருக்கு நேர்கோடு அழகாகத் தெரியும். நீருக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் தம் ஆய்வுகளின் வழியே 1-10-1 என்ற எளிய கணக்காக்கித் தந்திருக்கிறார்: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால்கள் பயன்படும்படி இயங்க 10 நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்க 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் பதறாமல் இருப்பதும், அடுத்த பத்து நிமிடத்துக்குள் வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து உடலைக் கிடையாக்கி, பனிக்கட்டியின் மேல் ஊர்ந்தேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுவதும்தான் உயிரைக் காக்கும். இவை ஒவ்வொன்றும் நிதானம் கேட்கும் வேலை.

இப்போது உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். தன் உயிருக்குத் தானே பொறுப்பு என்று ஒருவர் சொல்வதை நான் இழிவாகக் கருதவில்லை. எதற்கெடுத்தாலும் அரசையும் அடுத்தவரையும் குறை சொல்லும் காலத்தில் அது மதிக்கத்தக்க மனநிலைதான். மது அருந்துவதே தவறு என்று உபதேசிக்கவும் இதை எழுதவில்லை. ஆனால் அவர் “என் உயிர்” என்கிற இடத்தில் அவருடைய உயிர் மட்டும் இல்லை. பின்னால் அமர்ந்து வருபவர் இருக்கிறார். தடங்களில் பெரும்பாலானவை இருவழித் தடங்கள். குறுகிய, மேடுபள்ளமான, வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதையில் எதிரே ஒரு குடும்பம் தங்கள் பக்கமாக ஒழுங்காக வந்துகொண்டிருக்கலாம். விபத்து நேர்ந்தால் நள்ளிரவில், அதே குளிரில், அதே நம்பமுடியாத பனிக்கட்டியின் மேல் தேடிக்கொண்டு வருகிறவர்களில் ஊதியம் வாங்காத தொண்டர்களும் உண்டு. அவர்கள் யாரும் அவருடைய துணிச்சலுக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள் அல்லர்.

2016 மார்ச்சில் அலாஸ்காவில் நடந்ததைச் சொல்கிறேன். இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தில் அலி சர்க்கிள், ஜெஃப் கிங் ஆகிய இருவரின் அணிகள் யூகான் ஆற்றங்கரைக் கிராமமான நுலாட்டோவை ஒட்டிய பாதையில் இரவில் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு ஸ்னோமொபைல் இரண்டு அணிகளின் மீதும் மோதியது. கிங்கின் நாய்களில் ஒன்று இறந்தது, வேறு நாய்கள் காயமடைந்தன. ஓட்டியவர் தான் குடித்திருந்ததாகவும், நடந்தது நினைவில் இல்லை என்றும் பின்னர் கூறி மன்னிப்புக் கேட்டார். அந்த வருத்தம் பொய் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஒரு செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டுமானால், அதைச் செய்தபோது செய்தவன் அங்கே இருந்திருக்க வேண்டும். நினைவே தப்பிய நேரத்துக்கு மறுநாள் ஏற்கும் பொறுப்பு, தண்டனையை ஏற்பதாக மட்டுமே இருக்க முடியும்.

என் கருத்து இதுதான்: இந்த விஷயத்தில் பொறுப்பு என்பது காலத்தைப் பொறுத்தது. மது முதலில் மழுங்கச் செய்வது காலையோ கையையோ அல்ல, “எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் ஓட்டுவேன்” என்று தீர்ப்புச் சொல்லும் அந்த அறிவையே. ஆகவே பிற்பகலில், இரண்டு கேனுக்குப் பிறகு, தன்னால் ஓட்ட முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறவர் சரியான ஆளிடம் கேட்கவில்லை. முடிவெடுக்கும் தகுதி உள்ளவர் காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன் இருந்த அதே மனிதர்தான். பிற்பகலில் அவர் அங்கே இல்லை. பொறுப்புள்ளவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர் அந்தக் காலை நேரத்தில்தான் அதைக் காட்ட வேண்டும். நண்பர்கள் வற்புறுத்தினார்கள், உணவகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், தடத்தில் எச்சரிக்கைப் பலகை இல்லை என்று பிறகு அடுக்கும் காரணங்களில் உண்மை இருக்கலாம். முதல் கேனைத் திறந்த கை யாருடையது என்ற கேள்விக்கு அவை விடையாவதில்லை.

நண்பரிடம் என்ன சொல்வது என்பதே உங்கள் கடைசிக் கேள்வி. தத்துவ விவாதத்தில் இறங்காதீர்கள்; அதில் அவர் வெல்வார், அல்லது வென்றதாக நினைப்பார். வாடகைப் பணம் கட்டுவதற்கு முன்பே, எல்லோரும் இருக்கும்போது, “ஓட்டி முடித்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் குடி” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கார்ப் பயணத்தைப்போல ஒருவர் மட்டும் குடிக்காமல் இருந்து மற்றவர்களை ஏற்றிவரும் ஏற்பாடு இங்கே உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டுநர் வேண்டும். பின்னிருக்கையில் வருபவரும் வளைவுகளில் ஓட்டுநரோடு சேர்ந்து சாய வேண்டும், பிடி விடாமல் இருக்க வேண்டும். ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் குடிக்காமல் இருந்தால்தான் கணக்குச் சரியாகும். வாடகை ஒப்பந்தத்தையும் எல்லோரும் கையெழுத்திடும் முன் படிக்கச் சொல்லுங்கள். குடித்துவிட்டு ஓட்டியதாகத் தெரிந்தால் வண்டிக்கு நேர்ந்த சேதம் முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும் என்ற விதி அதில் எங்காவது இருக்க வாய்ப்பு மிகுதி.

அப்படியும் அவர் உணவகத்தில் குடித்துவிட்டால், சாவியையும் டெதர் கயிற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் உடையில் மாட்டப்படும் அந்தக் கயிறு, அவர் கீழே விழுந்ததும் இழுபட்டு இயந்திரத்தை நிறுத்துவதற்காக இருப்பது. அது பொருத்தப்படாவிட்டால் அந்த அமைப்புள்ள வண்டி கிளம்பாது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாடகை நிறுவனத்தை அழையுங்கள். அவர்கள் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அவர் பிடுங்கிக்கொண்டு கிளம்பினால் 911-ஐ அழைத்து, எந்தத் தடத்தில் எந்தத் திசையில் போகிறார் என்று சொல்லத் தயங்க வேண்டாம். அன்று முழுவதும் அவர் உங்களோடு பேசாமல் இருக்கக்கூடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லி நிறுத்துகிறேன். இரவு தங்குமிடத்தில் தாராளமாகக் குடித்துவிட்டு மறுநாள் காலையில் ஓட்டுவதாகத் திட்டமிருந்தால், உடல் ஆல்கஹாலைக் கழிப்பது மணிக்கு சுமார் 15 மில்லிகிராம் வேகத்தில்தான் என்பதை நினைவில் வையுங்கள். கறுப்புக் காப்பியோ குளிர்ந்த நீரில் குளியலோ அதை வேகப்படுத்தாது. நள்ளிரவு 1 மணிக்கு 200 மில்லிகிராமுடன் படுத்தவருக்குக் காலை 9 மணிக்கு இன்னும் 80 இருக்கும், அதாவது குற்றவியல் வரம்பு. அன்றைய ஓட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள், அல்லது முந்தைய இரவின் கடைசிக் குவளையைப் பத்து மணிக்கே வைத்துவிடுங்கள்.